எந்த வைஃபை என்று பெட்டியில் எழுதுங்கள்

ஆசிரியருக்கு,

‘வைஃபை ஏசி’ என்று விளம்பரம் செய்கிறார்கள். எந்த வைஃபை என்று சொல்வதில்லை. போனில் இயக்கும் ஏசி, வாஷிங் மெஷின், ஸ்மார்ட் பிளக் ஆகியவற்றில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே பிடிப்பவை. இன்றைய ஃபைபர் ரூட்டர்கள் பலவும் 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகின்றன. போன் 5-இல் போய் உட்கார்ந்துகொள்ளும். சாதனத்தை முதன்முதலில் இணைக்கும்போது, அதன் செயலிகள் சில வைஃபை பாஸ்வேர்டைக் காற்றலையில் அனுப்ப, சாதனம் அதை ஒட்டுக்கேட்டு எடுத்துக்கொள்ளும். 5-இல் அனுப்பியது 2.4 மட்டும் அறிந்த சாதனத்துக்குக் கேட்காது. செயலி சுற்றிச் சுற்றி, ‘இணைக்க முடியவில்லை’ என்று நின்றுவிடும். ‘உங்க நெட் ஸ்லோ சார்’ என்று கடையில் சொல்வார்கள். இதற்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லை.

ரூட்டர் செட்டிங்கில் இரண்டு அலைவரிசைக்கும் தனித்தனிப் பெயர் வைத்து, போனை 2.4-க்கு மாற்றிவிட்டு இணைக்க வேண்டும். பாதுகாப்பு முறை ‘டபிள்யூபிஏ3 மட்டும்’ என்றிருந்தால் பழைய சாதனங்கள் சேரமாட்டா, டபிள்யூபிஏ2-க்கு மாற்றுங்கள். விருந்தினர் வைஃபையில் சேர்த்தால், போனும் சாதனமும் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி பல ரூட்டர்கள் தடுத்துவிடும்.

இன்னொரு வகைச் சாதனம், போன் வந்து சேர்ந்து பாஸ்வேர்டைக் கொடுப்பதற்காகத் தானே ஒரு ஹாட்ஸ்பாட்டைத் திறக்கும். அதில் இணையம் இருக்காது என்பதால் போன் நைசாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். இணைத்து முடிக்கும்வரை மொபைல் டேட்டாவை அணைத்து வையுங்கள். ஆண்ட்ராய்டு போனில் லொகேஷனும் ஆன் ஆகியிருக்க வேண்டும். அது இல்லாமல் அக்கம்பக்க வைஃபைகளைத் தேடச் செயலிக்கு அனுமதி கிடைக்காது. ஐபோனில் ‘லோக்கல் நெட்வொர்க்’ அனுமதியை மறுத்துவிட்டாலும் இதே கதைதான்.

கரண்ட் போய் வந்தால் சாதனம் சில நொடிகளில் விழித்துக்கொள்ளும். ரூட்டர் எழுந்து வர ஓரிரு நிமிடமாகும். அதற்குள் சில மாடல்கள் தேடிச் சலித்து நிறுத்திவிடும். ரூட்டருக்கென விற்கும் சிறிய யுபிஎஸ் போதும். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதையும் சேர்த்தே போட வேண்டும். ஒன்றுக்கு மட்டும் போட்டுப் பயனில்லை. ரூட்டரை மாற்றும்போது பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புதியதில் வைத்தால், எல்லாவற்றையும் மறுபடி இணைக்கும் வேலை பெரும்பாலும் மிச்சம்.

இவ்வளவையும் வாடிக்கையாளர் தானாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது நியாயமா? ஏசியில் நட்சத்திரக் குறியீடு ஒட்டுவதுபோல, எந்த அலைவரிசை, எந்தப் பாதுகாப்பு முறை, செயலி எத்தனை ஆண்டு இயங்கும், இணையம் இல்லாதபோது எது வேலை செய்யும் என்பதையும் பெட்டியின் வெளியே அச்சிட வேண்டும். கடைசி இரண்டும் முக்கியம். நிறுவனம் சர்வரை மூடினால் பல சாதனங்களின் செயலி செத்துப்போகும். பல நிறுவனங்களின் ஸ்மார்ட் சாதனங்களுக்கும் பொதுவாக 2022-இல் வந்த ‘மேட்டர்’ என்ற தரத்தில் கட்டளை வீட்டு நெட்வொர்க்குக்குள்ளேயே போய்விடும். வாங்குமுன் பெட்டியில் அந்த முத்திரை உண்டா என்று பாருங்கள்.

– வீட்டு உபயோகச் சாதனங்கள் பொருத்தும் டெக்னீஷியன்கள், மதுரை