பம்ப் கேஸ் எத்தனை என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடித்தவர்களுக்கான மருத்துவம் சார்ந்த படிப்புகள் பற்றிய உங்கள் கட்டுரையில், அறுவை சிகிச்சையின்போது இதய நுரையீரல் இயந்திரத்தை இயக்கும் வேலை ஒரே வரியில் வந்துபோனது. கோவையில் அந்த வேலையைத்தான் பல வருடங்களாகப் பார்க்கிறேன். பெர்ஃபியூஷனிஸ்ட் என்பார்கள். கோபி பக்கம் எங்கள் சொந்தக்காரர்களிடம் சொன்னால், "ஏனுங்க, மோட்டார் போட்டு உடறதுக்கா இத்தனை வருசப் படிப்பு?" என்று கேட்கிறார்கள்.

மோட்டார் இருப்பது உண்மைதான். வால்வு மாற்றவோ, குழந்தையின் இதய ஓட்டையைத் தைக்கவோ பெரும்பாலும் இதயத்தை நிறுத்த வேண்டியிருக்கும். அந்த நேரம் முழுவதும் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏற்றி உடம்புக்கு அனுப்புவது எங்கள் பொறுப்பு. பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு நாலைந்து லிட்டர் ஓடும். குழாய்க்குள் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்க ஹெப்பாரின் கொடுத்து, உறையும் நேரம் போதுமான அளவு, பெரும்பாலான இடங்களில் 480 விநாடி, தாண்டியதைப் பார்த்த பிறகே பம்பை ஓட விடுவோம். உடம்பிலிருந்து வரும் ரத்தம் சேரும் தொட்டியான ரிசர்வாயரில் ரத்தம் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அது வற்றிக் காற்று உள்ளே போனால் மூளை பாதிக்கப்படும், உயிரே போகலாம். கரண்டும் பேட்டரியும் சேர்ந்து கைவிட்டால் சுற்றுவதற்கென்றே இயந்திரத்தோடு ஒரு கைப்பிடி உண்டு. அதையும் பழகி வைத்திருக்க வேண்டும். 1953-ல் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன் ஓர் இளம்பெண்ணின் இதய ஓட்டையை அடைத்தபோது, இயந்திரம் 26 நிமிடம் முழுப் பொறுப்பை ஏற்றதாம். இப்போது சிக்கலான கேஸ் என்றால் பல மணி நேரம்கூட ஓடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் இதற்கு மூன்று வருடப் படிப்பும் ஒரு வருடப் பயிற்சியும் உண்டு. ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து விசாரிக்கும் பெற்றோர் கேட்பதெல்லாம் ஃபீஸும் ஹாஸ்டலும்தான். அந்தக் கல்லூரியின் ஆஸ்பத்திரியில் மாதம் எத்தனை பம்ப் கேஸ், அதாவது எங்கள் இயந்திரத்தை ஓட்டிச் செய்யும் ஆபரேஷன், நடக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. 'இதய ஆபரேஷன் நிறைய நடக்கும்' என்ற பதிலும் போதாது. நம் நாட்டில் பைபாஸ் ஆபரேஷன்கள் ஏராளமாக, இதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே செய்யப்படுகின்றன. அப்போது எங்கள் இயந்திரம் பக்கத்தில் தயாராக நிற்கும், அவ்வளவுதான். அதைப் பார்த்துக்கொண்டே பயிற்சியை முடித்து, பட்டத்தோடு வேலை கேட்டு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். குழாய்களைக் கோத்து, காற்றை வெளியேற்றக்கூடத் தடுமாறினார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய?

இன்னொன்று, இதில் ராத்திரி அழைப்பு உண்டு. மகாதமனி கிழிந்து வருகிற நோயாளிக்கு தீபாவளி, பொங்கல் கிடையாது. ஆரம்பச் சம்பளமும் பலர் நினைக்கிற அளவுக்கு இருக்காது.

அடுத்த முறை இப்படிக் கட்டுரை வெளியிடும்போது, கல்லூரிப் பெயர்களுக்குப் பக்கத்தில் இந்தப் பம்ப் கேஸ் எண்ணிக்கையையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். தர மறுக்கும் கல்லூரியின் பெயருக்கு எதிரே 'தரவில்லை' என்று அச்சிட்டாலும் போதும்.

இப்படிக்கு,
பெர்ஃபியூஷனிஸ்ட் ஒருவர்,
கோயம்புத்தூர்.