முதலில் தாள், அப்புறம் ஸ்லைடு

ஆசிரியர் அவர்களுக்கு,

இன்ஜினீயரிங் கடைசி ஆண்டு படிக்கும் என் மகள் வயிற்றுப் பேத்தி, ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு 42 ஸ்லைடு செய்து வைத்திருந்தாள். பேசக் கிடைப்பதோ 10 நிமிடம். தலைப்பு மழைநீர் சேகரிப்பு. முதல் ஆறு ஸ்லைடும் 'நீரின் அவசியம்'. காவிரிக் கரையில் இருக்கிறவர்களுக்கு அதைச் சொல்ல ஆறு ஸ்லைடா?

நான் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருந்தவள். படைப்பாற்றல் கல்வி முறை வந்தபோது, பாடத்தைப் படித்ததும் பிள்ளைகள் மனவரைபடம் போட வேண்டும்; நடுவில் தலைப்பு, சுற்றிலும் கிளை கிளையாகச் சொற்கள். தினமும் போட வைத்தோம். ஆசிரியர்களுக்கான குறுவள மையக் கூட்டத்தில் நாங்கள் பேசப் போனபோது ஒருநாளும் போட்டதில்லை என்பது வேறு கதை.

பேத்தியை லேப்டாப்பை மூடச் சொல்லிவிட்டு, பழைய மாதக் காலண்டர் தாளைத் திருப்பித் தரையில் விரித்தேன். நடுவில் மழைநீர். சுற்றிலும் கூரை, குழாய், வடிகட்டி, தொட்டி, செலவு. கிளைக்கு ஒரு சொல்தான். 1974இல் பி.பி.சி. தொலைக்காட்சி வழியே இந்த முறையைப் பரப்பிய டோனி புசான் வைத்த விதி அது. வாக்கியமாக எழுதினால் மறுபடியும் நோட்ஸ் ஆகிவிடும்.

அரை மணி நேரத்தில் வண்டவாளம் தெரிந்தது. வடிகட்டிக் கிளை ஆலமரமாய்ப் படர்ந்திருக்க, செலவுக் கிளை மொட்டையாக நின்றது. "அதை யோசிக்கவே இல்ல அம்மாச்சி" என்றாள். கூரைக் கிளையில் ஒரு கணக்கு எழுதினாள்: 100 சதுர மீட்டர் மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1000 லிட்டர். அந்த ஒரு வரி வந்ததும் ஆறு ஸ்லைடும் போயிற்று. கிளைகளுக்கு வரிசை எண் போட்ட பிறகே லேப்டாப்பைத் திறந்தாள். மொத்தம் 11 ஸ்லைடு.

ரிவ்யூ அன்று நேரமாகிவிட்டது, ஐந்தே நிமிடம் என்றார்களாம். குழாய்க் கிளையை அப்படியே விட்டுவிட்டு மற்றதைப் பேசி முடித்திருக்கிறாள்.

ஒன்று மட்டும், அந்தப் படத்தையே திரையில் போட்டுவிடக் கூடாது. வரைந்தவருக்குத்தான் அது புரியும்; கடைசி பெஞ்சுக்கு எழுத்தே தெரியாது.

கல்லூரிகளில் ஜீரோத் ரிவ்யூ என்கிற முதல்கட்ட ரிவ்யூவுக்கே பிபிடி டெம்ப்ளேட் ஒன்றைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். பிள்ளைகளும் யோசிக்காமல் கட்டத்தை நிரப்புகிறார்கள். அதற்கு முன்னால், கையால் வரைந்த ஒரு தாளைக் கேட்டு வாங்கினால் என்ன? சாஃப்ட்வேர்தான் வேண்டுமென்றால், மனவரைபடம் போட ஃப்ரீபிளேன் என்று ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. எனக்குக் காலண்டர் தாள் போதும்.

ஓய்வுபெற்ற ஆசிரியை,
கும்பகோணம்.