துப்பாக்கிக்கும் அளவெடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாளிதழில் பறக்கும் தட்டைச் சுட்டு உடைக்கிற டிராப் துப்பாக்கி சுடும் போட்டி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எங்கள் புதுக்கோட்டை பிருத்விராஜ் தொண்டைமான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் வரை போனதையும், அதற்கு முந்தைய ஆண்டு ஹாங்சோ ஆசிய விளையாட்டில் கைனான் செனாய், ஜோராவர் சிங் சந்துவோடு சேர்ந்து அணிக்குத் தங்கம் வாங்கித் தந்ததையும் கடையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஆனால் துப்பாக்கியைப் பற்றி எழுதிய இடத்தில் கம்பெனிப் பெயரும் விலையும் மட்டும்தான் இருந்தன. அதைப் படிக்கிற பிள்ளைகள், அந்தப் பெயர் போட்டதை வாங்கிவிட்டால் தட்டு தானாக உடையும் என்று நினைத்துவிடுவார்கள். நாங்களும் அப்படி நினைத்து ஒருமுறை ஏமாந்தோம், அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் 28 வருஷமாகத் தையல்கடை வைத்திருக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் ஒருவர் துப்பாக்கி சுடும்போது போடுகிற கையில்லாத கோட்டு தைத்துத் தரச் சொன்னார். தோளில் மெத்தென்று தோல் வைத்து, இரண்டு பக்கமும் தோட்டா போட ஆழமான பை வைத்துத் தைத்தேன். அதைக் கொடுக்க அவர் சுடும் மைதானத்துக்குப் போனபோது என் மகளும் கூட வந்தாள். கல்லூரி என்.சி.சி.யில் ரைஃபிள் சுட்டவள். அன்றைக்கு டிராப் பார்த்தவள் அப்புறம் அதை விடவே இல்லை.

டிராப்பில் சுடுவது 110 மில்லிமீட்டர் அகலத் தட்டு, டீக்கடை சாஸரைவிடச் சிறியது. களிமண் தட்டு என்று பெயர்தான். கீலும் சுண்ணாம்புக்கல் தூளும் சேர்த்து வார்த்தது. சுடுபவர் நிற்கும் இடத்துக்கு 15 மீட்டர் முன்னால் இருக்கும் பள்ளத்திலிருந்து எந்தப் பக்கம் வரும் என்று தெரியாமல் பாய்ந்து வரும். உட்கார்ந்து குறி பார்க்க நேரமே கிடையாது. துப்பாக்கியின் பின்பக்கத்தில் குறிபார்க்கும் கருவியும் இல்லை. கண்தான் அந்தக் கருவி. தோளில் வைத்துப் பிடிக்கும் பின்கட்டையில் கன்னம் எங்கே படுகிறதோ அதை வைத்துத்தான் கண் எங்கே நிற்கும் என்பது.

மகளுக்கு லைசென்ஸ் வந்ததும், சீட்டு எடுத்த பணத்தோடு வெளியூர்க் கடை ஒன்றுக்குப் போய்ப் பழைய துப்பாக்கி ஒன்று வாங்கினோம். மேல் கீழாக இரட்டைக் குழல், 30 அங்குலம், நல்ல பெயர் போட்டது. விசையிலிருந்து பின்கட்டையின் கடைசி வரை பதினாலே முக்கால் அங்குலம். என் மகள் உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். கட்டை நீளமாக இருக்கிறதே என்று கேட்டோம். "பழகப் பழகச் சரியாகிவிடும்" என்றார் கடைக்காரர். ரெடிமேட் கடையில் சொல்கிற அதே வார்த்தை! எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த எட்டு மாதம் அவள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கழுத்தை எக்கி, தலையைத் தூக்கிச் சுடுவாள். ஒவ்வொரு சூட்டுக்கும் கட்டை கன்னத்தில் வந்து இடிக்கும். கட்டையின் கீழ்முனை மார்பில் குத்தும். கன்ன எலும்பின் மேல் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு திட்டு போகவே போகாது. தனக்குத் திறமை போதவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வலிக்கிறது.

கடைசியில் அந்த மைதானத்தில் சுடும் மூத்தவர் ஒருவர், துப்பாக்கியை மடித்துத் திறந்து, தோட்டா இல்லை என்று இரண்டு பேர் பார்த்த பிறகு, என் கழுத்தில் கிடந்த டேப்பை உருவி அளந்தார். அன்றே ஒரு பெரிய வெள்ளைத் தாளை 16 கஜ தூரத்தில் கட்டி, நடுவில் ஒரு புள்ளி வைத்துச் சுடச் சொன்னார். தோட்டாவிலிருந்து சிதறும் ஈய ரவைகள் எல்லாம் புள்ளிக்கு மூன்று அங்குலம் கீழே போய் விழுந்தன. கன்னம் படும் இடத்தில் ஒட்ட, அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கனமுள்ள கம்பளித் துணி கேட்டார். என் பையில் இருந்தது. ஒரு பட்டை ஒட்டியதும் ரவை ஓர் அங்குலம் ஏறியது. இரண்டாவதற்கு இன்னோர் அங்குலம். கண்ணுக்கும் குழல் முனைக்கும் ஏறக்குறைய ஒரு கஜம், தாளுக்குப் பதினாறு கஜம், அதனால் கட்டையில் செய்கிற மாற்றம் தாளில் பதினாறு மடங்காகத் தெரிகிறது என்று விளக்கினார். நாலாவது பட்டையில் புள்ளிக்கு ஓர் அங்குலம் மேலே வந்தது. டிராப் தட்டு எழும்பிக்கொண்டே போகும் என்பதால் துப்பாக்கி கொஞ்சம் மேலே சுடுவதுதான் சரியாம். மொத்தம் கால் அங்குலம். அந்தக் கால் அங்குலத்துக்காக என் பெண் எட்டு மாதம் அழுதிருக்கிறாள்.

அப்புறம் லைசென்ஸ் உள்ள துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்துப் பின்கட்டையில் ஓர் அங்குலம் குறைத்து, கீழ்முனை மார்பில் குத்தாதபடி சாய்வை மாற்றி, கன்னம் படும் மேல்பகுதியான கன்னக்கட்டையை ஏற்றி இறக்கும்படி செய்துகொண்டோம். குழலைத் தொடவே இல்லை. குழலையும் கொஞ்சம் வெட்டினால் எடை குறையுமே என்று ஒருவர் யோசனை சொன்னார். அனுமதியில்லாமல் குழலைக் குறைப்பது 1959 ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவுப்படி குற்றம். தவிர, இந்த விளையாட்டில் எடை உதவி செய்கிறது. போட்டித் தோட்டாவில் 24 கிராம் ஈயம். அதன் உதையை மூன்றரைக் கிலோவுக்கு மேலுள்ள துப்பாக்கி வாங்கிக்கொள்ளும், தோளில் தூக்கி நடக்கவென்று செய்த இலகுவான வேட்டைத் துப்பாக்கி அப்படியே தோளுக்குக் கொடுத்துவிடும்.

பெரிய பெயர்களைக் குறை சொல்லவில்லை. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கை மனதில் வைத்து உருவான பெராஸி கம்பெனியின் எம்.எக்ஸ்.8 துப்பாக்கி இன்றும் சுடுகிறவர்கள் கையில் இருக்கிறது. ஆனால் இத்தாலியில் அதைச் செய்கிற பொட்டிசினோ ஊரிலேயே வாங்க வருகிறவருக்கு அளவெடுத்துத்தான் கட்டை செய்து கொடுக்கிறார்கள். அதை விட்டுவிட்டு விலையை மட்டும் நாம் பேசுகிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் துப்பாக்கிச் சங்கங்களும், புதிதாக வருகிற பிள்ளைகள் கையில் கொடுக்கிற துப்பாக்கிகளில் ஒன்றிலாவது கன்னக்கட்டையும் நீளமும் மாற்றும்படி வைக்க வேண்டும். முதலில் குறி பார்க்கும்போது இரண்டில் எந்தக் கண் முந்தி நிற்கிறது என்று பார்த்து, கை நீளம் அளந்து, தாளில் சுடவைத்துவிட்டு, அப்புறம் தட்டுக்கு விடட்டும். சொந்தத் துப்பாக்கி வாங்கும் பேச்சு அதற்கும் பிறகு. பெண் பிள்ளைகளுக்கு இது ரொம்பவே அவசியம். கடையில் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் நல்ல உயரமான ஆண்களின் அளவு.

எங்கள் மாவட்டத்தில் எந்தச் சங்கம் அப்படி ஒரு நாள் வைத்தாலும் கடையை மூடிவிட்டு டேப்போடும் கம்பளித் துணியோடும் வருகிறேன். காசு வேண்டாம்.

இப்படிக்கு,
தையல்கடைக்காரர் ஒருவர்,
புதுக்கோட்டை.