படப்புதிரைப் பயனர் தலையில் கட்ட வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். இணையத்தில் மனிதரையும் தானியங்கி நிரல்களையும் பிரித்தறிவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, வருபவர் மனிதர்தானா என்று சோதிக்கும் புதிரான கேப்ட்சாவைக் கடினமாக்கினால் போதும் என்கிறது. நடைமுறையில் அது எடுபடாது. கோணல் எழுத்துப் புதிர்களைத் தன் மென்பொருள் 99.8 சதவீதம் சரியாகப் படித்துவிடுவதாகக் கூகுளே 2014இல் அறிவித்துவிட்டது. நிரலால் முடியாததைக் கூலிக்குத் தீர்த்துத் தரவும் ஆட்கள் இருக்கிறார்கள். திணறுவது நேர்மையான பயனர்தான்.

முதல் வடிகட்டலைப் படிவத்திலேயே செய்யலாம். கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டியைச் சேர்த்தால், கண்டதையெல்லாம் நிரப்பும் எளிய நிரல்கள் அதில் மாட்டும். ஆனால் அதற்கு 'மின்னஞ்சல்', 'தொலைபேசி' என்று பெயர் வைத்தால் பிரவுசரே தானாக நிரப்பிவிடும். நிஜ ஆளும் நிரலாகக் கருதப்பட்டு வெளியே நிற்பார். டேப் விசை அங்கே போகாமலும், பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதைப் படிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நீண்ட பதிவுப் படிவம் இரண்டு வினாடியில் வந்து சேர்ந்தால் சந்தேகப்படலாம். உள்நுழைவுப் பக்கத்தில் இந்த நேரக் கணிப்பு செல்லாது. அங்கே கடவுச்சொல் மேலாளர் மென்பொருள் நொடியில் நிரப்பிவிடும்.

கூகுளின் கேப்ட்சா சேவையான ரீகேப்ட்சாவின் மூன்றாம் பதிப்பு புதிர் எதுவும் கேட்காமல், வருபவர் மனிதராக இருக்கும் வாய்ப்புக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண் தருகிறது. அதை இணைக்கும்போது பலரும் இடறுவது ஒரே இடத்தில்தான். அது சரிபார்ப்புக்காகத் தரும் டோக்கன் என்ற அடையாளச் சரம் இரண்டு நிமிடமே செல்லும், அதுவும் ஒருமுறைதான். பக்கம் திறந்ததும் டோக்கனை வாங்கி வைத்தால், நிதானமாகத் தட்டச்சு செய்பவருக்குப் பிழைச் செய்தியே மிஞ்சும். 'அனுப்பு' பொத்தானை அழுத்தும்போதுதான் வாங்க வேண்டும். சரிபார்ப்பும் சர்வரில் நடக்க வேண்டும். பிரவுசரோடு நிறுத்திக்கொண்டால் நிரல் நேராகச் சர்வருக்கே அனுப்பிவிடும். மதிப்பெண் 0.5க்குக் கீழே போனாலும் உடனே கதவைச் சாத்தக்கூடாது. மின்னஞ்சலுக்கு ஒரு குறியீடு அனுப்பிக் கேட்டால் போதும்.

இணைய இணைப்பை அடையாளம் காட்டும் ஐபி முகவரியை மட்டும் நம்பித் தடுப்பதும் ஆபத்து. மொபைல் இணைப்பில் ஏராளமானோர் ஒரே முகவரியில் வருவார்கள். ஒருவர் செய்ததற்கு அத்தனை பேரும் மாட்டுவார்கள். பயனர் கணக்கு வாரியாகவும் முயற்சிகளை எண்ணுவது நல்லது.

படப்புதிர் வைத்தே தீர வேண்டுமென்றால் ஒலிப்புதிர் மட்டும் மாற்றாகாது. பார்வையும் செவியும் ஒருசேர இல்லாதவருக்கு இரண்டுமே பூட்டிய கதவு. அவருக்கும் அந்த மின்னஞ்சல் குறியீட்டு வழியைத் திறந்து வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
வலைப் பாதுகாப்புப் பணியிலுள்ள ஒரு வாசகர்