உன் சம்பளமும் கணக்கில் சேரும்

10.6.2025

அன்புள்ள மகளுக்கு,

துணைவர் விசா நீட்டிப்புக்குச் சேமிப்பாகக் காட்ட நீ கேட்ட பணத்தை அனுப்ப மனமில்லாமல் இதை எழுதவில்லை. அனுப்பினாலும் அது உன் விசாவுக்கு உதவாது, அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே நீ அழ ஆரம்பித்துவிடுவாய், எனக்கும் கணக்கு குழம்பிவிடும். மாப்பிள்ளையும் நீயுமாக உட்கார்ந்து நிதானமாகப் படியுங்கள்.

பிரிட்டன் உள்துறை வெளியிட்டிருக்கும் விதிகளை எடுத்து வரிவரியாகப் பார்த்தேன். ஆயுசு முழுக்கக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்து அரசாணைகளோடு மல்லுக்கட்டியவனுக்கு இது ஒன்றும் பெரிய வித்தையில்லை. சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறார்களே தவிர, உள்ளே இருப்பது கூட்டலும் பெருக்கலும்தான்.

முதலில், வருடத்துக்கு 29,000 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும் என்ற பயத்தை விடு. யாரோ சொன்னார்கள் என்று தூக்கத்தைத் தொலைத்திருக்கிறாய். அந்தத் தொகை 2024 ஏப்ரல் 11-லிருந்து இந்த வழியில் புதிதாக விண்ணப்பிக்கிறவர்களுக்கு. அதற்கு முன்பே துணைவர் விசா வாங்கி, அதே கணவரோடு இருந்து நீட்டிப்புக் கேட்பவர்களுக்குப் பழைய வரம்புதான், வருடத்துக்கு 18,600. நீ 2023-லேயே போனவள். குழந்தைக்காக இன்னொரு 3,800 காட்ட வேண்டும் என்றார்களாமே, அதுவும் உனக்குப் பொருந்தாது. பிரிட்டிஷ் குடிமகனுக்கு அங்கேயே பிறந்த பிள்ளை, பிறக்கும்போதே பிரிட்டிஷ். அந்தக் கூடுதல் தொகை, விசா வாங்க வேண்டிய பிள்ளைகளுக்கு.

அடுத்து, மாப்பிள்ளை விஷயம். அவருக்கு வேலை போனதை நீ மூடி மறைக்கப் பார்த்தாய். அம்மாவுக்கு உன் குரலிலேயே தெரிந்துவிட்டது. போகட்டும், வேலை யாருக்கும் போகும். விசா பேச்சு வந்தாலே அவர் எழுந்து போய்விடுகிறார் என்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முதல் தடவை நீ இங்கிருந்து விண்ணப்பித்தபோது அவருடைய சம்பளத்தை வைத்துத்தான் எல்லாம் நடந்தது. அங்கே போய் நீ வாங்கப்போகிற சம்பளத்தை அப்போது கேட்கவே மாட்டார்கள். அதனால் இப்போதும் முழுச் சுமையும் தன் தலையில்தான் என்று அவர் நினைக்கிறார். நீட்டிப்பில் அப்படி இல்லை. வேலை செய்ய அனுமதியோடு அங்கே இருக்கிறவளுடைய வருமானமும் சேரும். அவருடையதையும் உன்னுடையதையும் கூட்டிக் காட்டலாம். உன்னுடையது மட்டுமே போதுமானால் அதுவே போதும். இதை அவரிடம் நீ சொல்வதைவிட அவரே படிக்கட்டும் என்றுதான் இரண்டு பேரையும் சேர்ந்து உட்காரச் சொன்னேன்.

அவர் இப்போது டெலிவரி ஓட்டிச் சம்பாதிப்பதை இந்த விண்ணப்பத்தில் இழுக்க வேண்டாம். சொந்தத் தொழில் கணக்கென்றால், ஏப்ரல் 5-ல் முடியும் முழு வரி ஆண்டுக்கும் காட்ட வேண்டும். அவர் ஆரம்பித்தே சில வாரம்தான் ஆகிறது. அந்த வருமானம் வீட்டுச் செலவுக்கு இருக்கட்டும்.

சரி, உன் கணக்குக்கு வருவோம். முதியோர் இல்லத்தில் மணிக்கு 12.21 பவுண்டு, வாரத்துக்கு 24 மணி நேரம். வருடத்துக்கு 15,238 வருகிறது. 3,362 குறைகிறது. இந்தப் பள்ளத்தைச் சேமிப்பால் நிரப்பலாம் என்று விதி சொல்கிறது, ஆனால் நிரப்பும் விதத்தைப் பார். முதல் 16,000 பவுண்டு சேமிப்பைக் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். அதற்கு மேல், குறையும் தொகையைப் போல இரண்டரை மடங்கு இருக்க வேண்டும். அதாவது 16,000, அதோடு 8,405, ஆக 24,405 பவுண்டு. மூவாயிரத்துச் சொச்சம் குறைவதற்கு இருபத்து நாலாயிரம்! நான் இருக்கிற நிலத்தை விற்றாலும் இது நியாயமான செலவா சொல்.

இதையே வேறு பக்கமிருந்து பார். வாரத்துக்கு 24 மணி நேரத்தை 30 ஆக்கினால் வருடத்துக்கு 19,047 வருகிறது. வரம்பைத் தாண்டிவிட்டாய். மணிக்கூலி வாங்குகிறவர்களுக்கு, ஒரே இடத்தில் ஆறு மாதம் வேலை பார்த்திருந்தால் அந்த ஆறு மாதச் சராசரியை வைத்துத்தான் வருட வருமானம் போடுவார்கள். ஆக நீ பார்க்க வேண்டிய எண் ஒன்றுதான். ஆறு சம்பளச் சீட்டுகளிலும் பிடித்தம் போவதற்கு முந்தைய தொகையைக் கூட்டினால் 9,300-க்குக் குறையக் கூடாது. கைக்கு வருவதைக் கூட்டிப் பார்த்துப் பயப்படாதே, வரி பிடிப்பதற்கு முந்தையதுதான் கணக்கு. ஓவர்டைமும் சேரும். மேலாளரிடம் ஜூலையிலிருந்தே கூடுதல் ஷிஃப்ட் கேள். ஜூலை முதல் டிசம்பர் வரை ஆறு சீட்டு கையில் வந்துவிடும். உன் விசா ஜனவரிக் கடைசியில்தானே முடிகிறது. சம்பளமில்லா விடுப்பு மட்டும் எடுத்துவிடாதே, சராசரியை அது இழுத்துவிடும்.

குழந்தையை யார் பார்ப்பது என்பாய். மாப்பிள்ளை பார்ப்பார். டெலிவரியை உன் ஷிஃப்ட் இல்லாத நேரத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும். இந்த விசாவுக்கு அவர் செய்யக்கூடிய பெரிய உதவி இப்போதைக்கு அதுதான், அதைக் குறைவாக நினைக்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

அப்புறம் அந்த மனிதர், கமிஷன் வாங்கிக்கொண்டு ஒரு மாதத்துக்கு உங்கள் கணக்கில் பணம் போட்டுவிட்டு எடுத்துக்கொள்வாராமே. அவர் பக்கமே போகாதீர்கள். சேமிப்பு ஆறு மாதம் உங்கள் பெயரில், உங்கள் கட்டுப்பாட்டில் இருந்திருக்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்றும் கேட்பார்கள். பெற்றவர்கள் கொடுத்த அன்பளிப்பென்றால் செல்லும், கடன் செல்லாது. கடனை அன்பளிப்பு என்று எழுதிக் கொடுத்துப் பிடிபட்டால் இந்த விண்ணப்பத்தோடு போகாது, பின்னால் எந்த நாட்டு விசா கேட்டாலும் அது குறுக்கே வந்து நிற்கும். போன தடவை நீ என்னிடம் கேட்டதும் ஏறக்குறைய இதேதான். ‘விசா வந்ததும் திருப்பி அனுப்பிவிடுகிறேன் அப்பா’ என்றாய். அது கடன்.

காகித விஷயத்தில் இரண்டு இடத்தில் கவனம். சம்பளச் சீட்டில் பிடித்தம் போக இருக்கிற தொகை அப்படியே வங்கிக் கணக்கில் விழுந்திருக்க வேண்டும், பைசா மாறக் கூடாது. ஒரு ஷிஃப்டுக்குக் கையில் காசு கொடுத்தாலும் கணக்கிலேயே போடச் சொல். இன்னொன்று உன் பெயர். பாஸ்போர்ட்டில் என் பெயர் உனக்குக் குடும்பப் பெயராக இருக்கிறது. வேலையிடத்தில் மாப்பிள்ளை பெயரைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள், வங்கியில் வெறும் இனிஷியல். இந்த இரண்டையும் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இப்போதே மாற்று. வேலையிடத்திலிருந்து ஒரு கடிதமும் வேண்டும். உன் வேலை என்ன, எப்போதிலிருந்து, சம்பளம் எவ்வளவு, நிரந்தரமா என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

ஆங்கிலத் தேர்வு இந்தத் தடவை ஏ2 என்ற அடிப்படை நிலை. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்கப் பேசுகிறவளுக்கு அது பெரிதில்லை, ஆனால் தேதியை முன்கூட்டியே வாங்கிவிடு.

விண்ணப்பத்தை விசா முடிவதற்குள் போட்டுவிட்டால், முடிவு வரும் வரை இப்போதிருக்கும் உரிமைகளோடு அங்கேயே இருக்கலாம், வேலைக்கும் போகலாம். ஆனால் அந்த இடைவெளியில் நாட்டை விட்டு வெளியே வந்தால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றதாக எடுத்துக்கொள்வார்கள். ஜனவரியில் சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு வர வேண்டாம் என்று நான் சொல்வது அதற்காகத்தான். சித்தப்பாவிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

2025 நிலவரப்படி விண்ணப்பக் கட்டணம் 1,321, மருத்துவக் கூடுதல் கட்டணம் வருடத்துக்கு 1,035 வீதம் இரண்டரை வருடத்துக்கு 2,587.50. மொத்தம் கிட்டத்தட்ட 3,900 பவுண்டு. இதை நான் தருகிறேன். திருப்பித் தர வேண்டியதில்லை, மாப்பிள்ளையிடமும் அப்படியே சொல். டிசம்பர் முதல் வாரத்தில் வங்கி வழியாக உன் கணக்குக்கு வரும்.

ஜூலைச் சீட்டு வந்ததும் படம் எடுத்து அனுப்பு. மணி நேரமும் பெயரும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா