மறைக்கல்வி ஆசிரியர் சங்கம்: ஆண்டறிக்கை, 2024 ஜூன் – 2025 மே

அன்பார்ந்த பங்குத்தந்தை அவர்களே, அருட்சகோதரிகளே, பங்குப்பேரவை உறுப்பினர்களே, சக ஆசிரியர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஜூன் மாதம் திருப்பலியோடு பங்குப் பிள்ளைகளுக்கான மறைக்கல்வி, அதாவது கிறிஸ்தவ சமயக் கல்வி, வகுப்புகள் தொடங்கின. ஆசிரியர் தினம், குழந்தைகள் தினம் இரண்டும் வழக்கம்போல் நடந்தன. நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது வகுப்பறைக்குள் தண்ணீர் ஏறி, சேர்த்து வைத்திருந்த படங்களும் சார்ட்டுகளும் வீணாயின. இளைஞர்கள் வந்து சுத்தம் செய்து கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்குக் குடில் போட்டி வைத்தோம். தவக்காலத்தில் வில்லியனூர் மாதா கோயிலுக்கு நடைபயணம் போய் வந்தோம். மே மாதம் பிள்ளைகள் முதன்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா நல்லபடியாக நடந்தது.

இனி ஈஸ்டருக்காகப் பிள்ளைகளோடு செய்த உயிர்ப்புத் தோட்ட வேலைக்கு வருகிறேன். இதைப் பற்றி வெளியில் பலரும் பலவிதமாகப் பேசியதால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜனவரியில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் ஈஸ்டர் என்றால் என்ன என்று கேட்டேன். முட்டை, முயல், சாக்லேட் என்றார்கள். கிறிஸ்துமஸ் பற்றிக் கேட்டால், சத்திரத்தில் இடமில்லை என்பதில் தொடங்கி மூன்று ராஜாக்கள் கொண்டுவந்த வெள்ளைப்போளம் வரை ஒன்று விடாமல் சொல்கிறார்கள். பாடப்புத்தகம் இரண்டுக்கும் ஒன்றுதான், சொல்லிக் கொடுப்பவர்களும் நாம்தான். அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கையால் குடில் கட்டுகிறார்கள். வைக்கோல் பரப்புகிறார்கள், ஆடு மாடுகளை இடம் பார்த்து வைக்கிறார்கள், குழந்தை இயேசுவை யார் வைப்பது என்று சண்டை கூடப் போடுகிறார்கள். ஈஸ்டருக்கு அவர்கள் கைக்கு ஒரு வேலையும் இல்லை. ஈஸ்டருக்கு முந்தின இரவு பாஸ்கா திருவிழிப்பு வழிபாடு நடக்கும் நேரத்தில் பாதிப் பேர் அம்மா மடியில் தூங்குகிறார்கள்.

இத்தனைக்கும் இயேசுவின் பிறப்பை எழுதியவர்கள் மத்தேயுவும் லூக்காவும் மட்டும்தான். உயிர்ப்பை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதியிருக்கிறார்கள். கிறிஸ்து உயிர்க்கவில்லை என்றால் நம் நம்பிக்கையே வீண் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். அந்த ஒன்றைப் பிள்ளைகள் மனதில் பதிய வைக்கவில்லை என்றால் நாம் வேறு எதைச் சொல்லிக் கொடுத்து என்ன பயன்?

அதனால்தான் இயேசுவின் கல்லறையையும் அதைச் சுற்றிய தோட்டத்தையும் பிள்ளைகள் தட்டில் அமைக்கும் உயிர்ப்புத் தோட்டம் என்ற வேலையை எடுத்தேன். சிலுவை நின்ற இடத்தில் ஒரு தோட்டம் இருந்தது, அங்கே இருந்த புதுக் கல்லறையில்தான் இயேசுவை வைத்தார்கள் என்று யோவான் சொல்கிறார். மகதலா மரியா முதலில் அவரைத் தோட்டக்காரர் என்றுதான் நினைத்தார். ஆகவே தோட்டம் நம் சொந்தக் கற்பனை இல்லை.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு. திருப்பலி முடிந்ததும் குருத்தோலைச் சிலுவைகளோடு பிள்ளைகள் வகுப்பறைக்கு வந்தார்கள். நான்கைந்து பேருக்கு ஒரு தட்டு. அதில் மண்ணும் தென்னை நார்த்தூளும் கலந்து நிரப்பி, வில்லியனூரிலிருந்து வாங்கி வந்த சிறு மண்கலயத்தைப் படுக்க வைத்து மேலே மண் அணைத்தால் கல்லறை. வாசலை அடைக்க ஒரு தட்டையான கல். பின்னால் குச்சியில் மூன்று சிலுவைகள். கல்லறைக்கு முன்னால், முந்தின இரவே ஊற வைத்த கோதுமையும் வெந்தயமும் தூவி, மண் மூடி, ஈரத்துணி போர்த்தினோம். அன்று பௌர்ணமி, அடுத்த ஞாயிறு ஈஸ்டர். காலண்டரைக் காட்டி, வசந்தகாலத்தின் முதல் பௌர்ணமிக்கு அடுத்து வரும் ஞாயிறுதான் ஈஸ்டர் என்ற கணக்கையும் சொல்லிக் கொடுத்தோம். அதனால்தான் தேதி ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது என்பது பெரியவர்கள் சிலருக்கே அன்றுதான் தெரிந்தது.

பெரிய வியாழன் மாலை பிள்ளைகள் ஒருவர் காலை ஒருவர் கழுவித் துடைத்தார்கள். பெரிய வெள்ளியன்று சீமைக்கருவேல முள்ளைத் தொட்டுப் பார்க்க வைத்தோம். பிறகு வெள்ளைத் துணித் துண்டு ஒன்றைச் சுற்றி உள்ளே வைத்துக் கல்லால் கல்லறையை மூடினார்கள். சனிக்கிழமை தண்ணீர் தெளிப்பது மட்டும்தான் வேலை, பேச்சு கிடையாது. அன்று சின்ன மெழுகுதிரிகளில் சிலுவை வரைந்து, நான்கு பக்கமும் 2025 என்ற எண்களை எழுதி, சாம்பிராணி மணிகளுக்குப் பதிலாக ஐந்து கிராம்பு குத்தினார்கள். அவை இயேசுவின் ஐந்து திருக்காயங்கள். அன்று இரவு கோயிலின் பெரிய பாஸ்கா மெழுகுதிரியில் பங்குச்சாமி அதையே செய்தபோது பிள்ளைகள் பெஞ்சு மேல் ஏறி நின்று பார்த்தார்கள். ஒருவர்கூடத் தூங்கவில்லை.

ஞாயிறு காலை கல்லைப் புரட்டினோம். முன்னால் பச்சைப் பசேலென்று பயிர், உள்ளே சுருட்டி வைத்த துணி மட்டும். ஒரு பையன் வீட்டிலிருந்து கிறிஸ்துமஸ் குடிலின் இயேசு சொரூபத்தைக் கொண்டுவந்து கலயத்துக்குள் வைக்கப் போனான். பக்கத்திலிருந்த மூன்றாம் வகுப்புப் பெண் அவன் கையைப் பிடித்து, “உள்ள யாரும் இருக்கக் கூடாதுடா, அதான் ஈஸ்டரு” என்றாள். ஓர் ஆண்டு முழுக்க வகுப்பில் சொன்னாலும் இவ்வளவு தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

முட்டையையும் நாங்கள் ஒதுக்கவில்லை. பீட்ரூட் தண்ணீரில் போட்டுச் சிவப்பாக்கிய அவித்த முட்டையை ஆளுக்கு ஒன்று கொடுத்து, ஓடு மூடிய கல்லறை, சிவப்பு அவர் இரத்தம் என்று சொல்லி உரிக்கச் சொன்னோம். அந்தக் காலத்தில் தவக்காலம் முழுவதும் முட்டையை விலக்கியிருந்து ஈஸ்டரன்றுதான் சாப்பிட்டார்கள் என்ற செய்தியும் சொன்னோம்.

“என்ன டீச்சர், கோயில்ல முளைப்பாரி போடுறீங்க?” என்று ஒருவர் கேட்டார். கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிந்தால்தான் விளைச்சல் தரும் என்று சொன்னவர் இயேசுவே. இது புதுப் பழக்கம் என்றும் பேச்சு வந்தது. குடிலும் ஒரு காலத்தில் புதிதுதான். அசிசி நகர் பிரான்சிஸ் 1223இல் கிரேச்சோவில் அமைத்தார், இன்று குடில் இல்லாத வீடு உண்டா? விளையாட்டுக் காட்டினால் மறைக்கல்வித் தேர்வில் மதிப்பெண் குறையும் என்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: உங்கள் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள்.

ஈஸ்டருக்கு மறுநாள் திருத்தந்தை பிரான்சிஸ் காலமான செய்தி வந்தது. பிள்ளைகள் அதே மெழுகுதிரிகளை ஏற்றிச் செபித்தார்கள்.

வருத்தத்தையும் சொல்லத்தான் வேண்டும். பதிவேட்டில் பெயர் உள்ள ஆசிரியர்களில் பாதிப் பேர் தோட்ட வேலை நடந்த அந்த வாரம் வரவில்லை. தேர்வு, கல்யாணம், ஊருக்குப் போனது என்று காரணங்கள் இருக்கலாம். ஆனால் முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாற்று ஏற்பாடு செய்திருப்போம். வாட்ஸ்அப் குழுவில் கைகூப்புவது போதாது. மண் சுமக்க ஆள் வேண்டும். கடைசியில் மண்ணைக் குழைத்தது ஒரு சகோதரியும் இரண்டு கல்லூரி மாணவிகளும்தான். சந்தாவும் பலரிடம் பாக்கி நிற்கிறது, சிலரிடம் இரண்டு ஆண்டுகளாக.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். பொதுவாகச் சொன்னால், சந்தாவும் நன்கொடையும் சேர்ந்து செலவுக்குச் சரியாக இருந்தது. சிறு தொகை கையிருப்பு. தட்டும் கலயமும் வாங்கிய செலவு பெரிய தொகை இல்லை. அவை அடுத்த ஆண்டும் பயன்படும்.

ஊக்கம் தந்த பங்குத்தந்தைக்கும், அருட்சகோதரிகளுக்கும், பங்குப்பேரவைக்கும், ஒலிபெருக்கி தந்தவர்களுக்கும், கோயில் வேலைகளைக் கவனிக்கும் கோயில் பிள்ளை அவர்களுக்கும் சங்கத்தின் நன்றி.

2026இல் ஈஸ்டர் ஏப்ரல் 5, குருத்து ஞாயிறு மார்ச் 29. தேர்வுக் காலம் என்பதால் இப்போதே திட்டமிட வேண்டும். சாமான்களை வைக்கப் பூட்டுள்ள அலமாரி ஒன்று தேவை; வீட்டில் சும்மா கிடக்கும் அலமாரியை யாராவது கொடுத்தால் நல்லது. செயலாளர் பொறுப்பை வேறு யார் ஏற்றாலும் எனக்கு மகிழ்ச்சியே, தோட்டம் மட்டும் நிற்கக் கூடாது. வர முடிந்தவர்கள் கூட்டம் முடிந்ததும் மேசையில் உள்ள நோட்டில் பெயர் எழுதுங்கள். பொருளாளரும் ரசீதுப் புத்தகத்தோடு அங்கேயே இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்,
மறைக்கல்வி ஆசிரியர் சங்கம், புதுச்சேரி