நடிக்கப் போய் ஊமையாகி வந்த ஓர்கன்: ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்பான ஊரவர்களுக்கும், கடல் கடந்து வாழும் திருகோணமலை உறவுகளுக்கும் வணக்கம்.

டச்சுக் குடாப் பக்கமுள்ள எங்கள் சனசமூக நிலையத்து வாசிகசாலைக்கு வந்து போனவர்கள், பத்திரிகை மேசைக்குப் பின்னால் சுவரோடு ஒட்டி நிற்கும் கறுப்புப் பெட்டியைக் கண்டிருப்பீர்கள். சின்னப் பிள்ளைகள் அதைப் ‘பேய்ப்பெட்டி’ என்பார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு அது ‘பள்ளிக்கூடத்து ஓர்கன்’. இரண்டு பெயருக்கும் கதை உண்டு. கதையைச் சொல்லிவிட்டுத்தான் காசு கேட்க வேண்டும் என்பது குழுவின் தீர்மானம்.

இது காலால் மிதித்து வாசிக்கும் நாக்கு ஓர்கன். பார்வைக்கு நாடகக்காரரின் கால் ஆர்மோனியம் போலத்தான் இருக்கும். மூச்சு மட்டும் மாறு. ஆர்மோனியத்தில் துருத்தி காற்றைத் தள்ளும். இதிலோ மிதிக்க மிதிக்கத் துருத்தி காற்றை உறிஞ்சும். கட்டை ஒன்றை விரலால் அழுத்தினால் அதன் கீழுள்ள வாசல் திறக்கும், வெளிக்காற்று ஒரு பித்தளை நாக்கைக் கடந்து உள்ளே பாயும், நாக்கு அதிரும். 61 கட்டைகள், கட்டைக்கு இரண்டாக 122 நாக்குகள். முழங்காலால் ஒரு பலகையை விலக்கினால் சத்தம் பெருகும். ‘வொக்ஸ் ஹியூமானா’ என்று எழுதிய குமிழை இழுத்தால், உள்ளே ஒரு மட்டை விசிறி காற்றிலேயே சுழன்று குரலை நடுங்க வைக்கும். மின்சாரம் தேவையில்லை.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். இது கிடைத்தற்கரிய பொருள் அல்ல. இந்த வகை ஓர்கன்களை அமெரிக்காவின் வெர்மொன்ட் மாநிலத்து எஸ்டி கொம்பனி மட்டுமே ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்து விற்றது. பாதிரிமாரும் பள்ளிக்கூடங்களும் அவற்றை உலகம் முழுக்கக் கொண்டு போனார்கள். இன்று விற்கப் போனால் பெரிய விலை வராது. நாங்கள் விற்கப் போவதுமில்லை.

எங்கள் ஓர்கன் ஒரு மிசன் பள்ளிக்கூடத்துக்காக வந்தது. காலைப் பாமாலைக்கு வாசிக்கப்பட்டது. 1960இலும் 61இலும் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது பள்ளிக்கூடத்தின் நடைமுறை மாறியது, ஓர்கனுக்கு வேலை இல்லாமல் போனது. அப்போது அதைக் கேட்டு வாங்கியவர்கள் ஊர் நாடகக்காரர். கிறிஸ்தவப் பாமாலை வாசித்த பெட்டி சிவராத்திரி விழிப்புக்கு அரிச்சந்திர மயான காண்டத்துக்குச் சுருதி சேர்த்தது. சந்திரமதி புலம்பும்போது அந்த நடுங்கு விசிறியை இழுத்துவிட்டால் முன்வரிசைப் பெண்கள் அழாமல் போகமாட்டார்கள் என்று எங்கள் மூத்த உறுப்பினர் ஒருவர் இப்போதும் சொல்வார். சொல்லும்போது அவருடைய கால் இரண்டும் நிலத்தை மிதிக்கும்.

பிறகு போர். கதவு பூட்டியபடி கிடந்த களஞ்சிய அறையில் எலி கம்பளித் துணியைத் தின்றது, உப்புக்காற்று பித்தளையைப் பச்சையாக்கியது. எல்லாம் ஓய்ந்த பின் அறையைத் திறந்து பார்த்தபோது, இதை உடைத்து விறகாக்கலாம் என்று ஒரு கூட்டத்தில் பிரேரணையே வந்தது. வழிமொழிந்தவர் இந்தக் கடிதத்தை எழுதும் நான்தான். மறைப்பானேன்?

அந்தச் சமயத்தில்தான் ஒரு படப்பிடிப்புக் குழு வந்தது. பாழடைந்த பங்களாவில் பேய் வாசிப்பதற்கு ஓர்கன் வேண்டுமாம். நம் ஊருக்குச் சினிமா புதிதல்ல. 1956இல் ஆங்கில எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் சுவாமி மலையடியில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார்கள். 1962இல் வில்சன் இயக்கிய ‘ரன் முத்து தூவ’ என்ற முதல் வண்ணச் சிங்களப் படத்துக்கு நம் கடலுக்கடியிலேயே காட்சிகள் எடுத்தார்கள். படக்காரர் என்றால் நமக்கு ஒரு பிரியம். வாடகை பேசினோம், லொறியில் ஏற்றினோம். எழுத்தில் ஒரு வரி வாங்கவில்லை.

திரும்பி வந்த கோலத்தைப் பார்த்து எங்களுக்கு வாய் அடைத்துப்போனது. தேக்கு நிறத்தில் இருந்த பெட்டி முழுக்கக் கறுப்புப் பெயின்ற். தலைக்கு மேல் வெள்ளிப் பூச்சுப் பூசிய பதினைந்து பீவீசி குழாய்கள், குழாய் ஓர்கன் போலத் தெரிவதற்கு. வச்சிரம் என்ற தோல் பசை கொண்டு பொருத்திய மூட்டுகளில் ஆணி அடித்திருந்தார்கள். குழாய்களால் புகை வரவேண்டும் என்று நாக்குகள் இருந்த தட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் புகை இயந்திரத்தின் வாயை வைத்திருக்கிறார்கள். கழற்றிய நாக்குகளை ஒரு பிஸ்கட் ரின்னில் போட்டுத் தந்தார்கள். எண்ணிப் பார்த்தால் 103. புகையின் எண்ணெய்ப் பிசுக்கு உள்ளெங்கும் படிந்து, அதன்மேல் தூசு ஒட்டிக் கிடந்தது. நாக்கு ஓர்கனுக்கு ஒரு தூசு போதும், ஒரு சுரம் அடைத்துப்போகும். படத்தில் அந்தக் காட்சி ஒரு நிமிடம்கூட வராது. கேட்கும் இசையும் இதனுடையதல்ல, பின்னால் கீபோர்ட்டில் சேர்த்தது.

ஆனால் நியாயமாகவும் பேச வேண்டும். அந்த வாடகைக் காசில்தான் வாசிகசாலையின் கூரைக்கு ஓடு மாற்றினோம். படத்தில் வந்ததால்தான் பெட்டியைப் பார்க்கச் சனம் வந்தது. விறகுப் பிரேரணையை யாரும் மறுபடி எடுக்கவில்லை. நடிக்கப் போகாமல் இருந்திருந்தால் அது இன்று சாம்பல்.

எங்கள் குழுவில் ஒரு பல்கலைக்கழக மாணவி இருக்கிறார். உலகத்தில் நமக்கு முன்பே இப்படி ஒரு ஓர்கன் உண்டு என்று அவர்தான் சொன்னார். ஜூல்ஸ் வேர்னின் கடலடிக் கதையில் நீர்மூழ்கிக் கப்பலுக்குள்ளே ஓர்கன் வாசிப்பாரே கப்டன் நீமோ, அந்தக் கதையை டிஸ்னி நிறுவனம் 1954இல் படமாக்கியபோது, ஜேம்ஸ் மேசன் நடித்த நீமோவுக்காக ஒரு பழைய ஓர்கனைக் கொண்டுவந்து வைத்தார்கள். படம் முடிந்ததும் அது குப்பைக்குப் போகவில்லை. 1955இல் திறந்த டிஸ்னிலாந்தில் கப்பல் காட்சியமைப்போடு 1966 வரை பார்வைக்கு இருந்தது. பிறகு 1969இல் திறந்த அதே பூங்காவின் பேய் மாளிகையில், ஆவிகள் ஆடும் நடன மண்டபத்துக்கு மாறியது. இன்றைக்கும் அங்கே ஒரு ஆவி அதன் முன் அமர்ந்து வாசிக்கிறது. கேட்பது மட்டும் பதிவு செய்த இசை. நம்முடையது போலவே அதற்கும் கடைசியில் பேய் வேடம்தான்.

நீமோ நமக்கும் அந்நியர் இல்லை. 1870இல் வந்த அந்த நாவலில் அவருடைய கப்பல் இலங்கைக் கடலுக்கு வருகிறது. மன்னார் முத்துக்குளிப்புப் பாரில் ஓர் ஏழைக் குளியாளைச் சுறாவிடமிருந்து காப்பாற்றி, ஒரு பை முத்தைக் கையில் வைத்துவிட்டுப் போகிறார். பின்னால் வந்த இன்னொரு கதையில் அவர் 1857 கிளர்ச்சியில் வெள்ளையரை எதிர்த்த இந்திய இளவரசர் என்று தெரியவருகிறது. நன்கொடைக் கடிதத்தில் இது எதற்கு என்று பொருளாளர் கேட்டார். அந்த முத்துப்பைக்காகத்தான்.

இப்போது வேலைக்கு வருகிறோம். எங்களுக்கு வேண்டியது ஓர்கன் மறுபடி மூச்சு விடுவது. பார்வைக்கு அழகாக்கி மூலையில் வைப்பதற்கு இவ்வளவு பாடு தேவையில்லை. கொழும்பிலிருந்து வந்து பார்த்த பியானோ திருத்துநர் இரண்டு நாள் குனிந்திருந்து சொன்ன கணக்கு இது: 19 நாக்குகள் இல்லை, 7 வெடித்திருக்கின்றன. இவற்றை வெளிநாட்டில் பழைய ஓர்கன்களிலிருந்து கழற்றி விற்பவர்களிடம் வாங்கி, அரத்தால் சுரம் சேர்க்க வேண்டும். அதற்கு 95 ஆயிரம் ரூபா, சுங்க வரிக்கும் தபாலுக்கும் மேலும் 30 ஆயிரம். துருத்தியின் ரப்பர் பூசிய துணி மரப்பட்டை போல இறுகி வெடித்துவிட்டது, அதையும் கம்பளித் துணியையும் மாற்ற 1 இலட்சத்து 10 ஆயிரம். திருத்துநரின் கூலி, போக்குவரத்து, தங்குமிடம் எல்லாமாக 2 இலட்சத்து 40 ஆயிரம். இதுதான் பெரிய தொகை. பேரம் பேசிப் பார்த்தோம், 122 நாக்கையும் ஒவ்வொன்றாகக் கழுவ வேண்டுமே என்றார், பேசாமல் இருந்துவிட்டோம். ஆணி பிடுங்கி, பெயின்ற் சுரண்டி, மூட்டுகளைப் பழையபடி வச்சிரத்தால் பொருத்தும் வேலையை நம் ஊர் ஓடாவியார் 85 ஆயிரத்துக்குப் பொறுப்பேற்கிறார். வள்ளம் கட்டும் கை அது. வெள்ளைப் பசை ஒட்டினால் பிறகு பிரிப்பது பெரும்பாடு, வச்சிரம் என்றால் ஈரமும் சூடும் காட்டினால் விட்டுக்கொடுக்கும் என்று அவர் சொன்னதைத் திருத்துநரும் ஒப்புக்கொண்டார். வாடைக்கும் உப்புக்கும் தப்பக் கண்ணாடிக் கதவு வைத்த அடைப்பு ஒன்று வேண்டும், அதற்கு 60 ஆயிரம்.

மொத்தம் 6 இலட்சத்து 20 ஆயிரம் ரூபா. இதுவரை 1 இலட்சத்து 47 ஆயிரத்து 500 சேர்ந்திருக்கிறது. அந்த ஐந்நூறு, பாலர் வகுப்புப் பிள்ளைகள் உண்டியல் உடைத்துத் தந்தது. இன்னும் 4 இலட்சத்து 72 ஆயிரத்து 500 வேண்டும்.

குழாய்களை என்ன செய்வது என்று குழுவுக்குள் பெரிய வாக்குவாதம். எறிந்துவிடுவோம் என்றவர்கள் பாதி, சினிமாவும் அதன் சரித்திரம்தானே என்றவர்கள் பாதி. கடைசியில் குழாய்களைக் கழற்றிப் பின்சுவரில் மாட்டுவது, பக்கப் பலகையில் ஒரு கையகலத்துக்குக் கறுப்புப் பெயின்றை அப்படியே விடுவது என்று முடிந்தது. எனக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை, ஆனால் தீர்மானம் தீர்மானம்தான்.

சிலர் கேட்கிறார்கள், இந்தக் காசில் நல்ல கீபோர்ட் நாலு வாங்கலாமே என்று. வாங்கலாம். அது பாட்டுக்கு உதவும், அதையும் ஒரு நாள் வாங்குவோம். ஆனால் மிதித்தால் மூச்சு, விரல் வைத்தால் குரல் என்று ஒரு பிள்ளை கண்ணால் கண்டு படிப்பதற்குக் கீபோர்ட்டில் ஒன்றும் இல்லை. வேலை முடிந்தபின் சனிக்கிழமைகளில் பின்பலகையைத் திறந்து வைத்து, எந்தப் பிள்ளையும் வந்து மிதித்துப் பார்க்கலாம் என்று விதி எழுதியிருக்கிறோம். தேவாரத்துக்கும் பாமாலைக்கும் நாட்டார் பாட்டுக்கும் அது பொது. இனி எந்தப் படப்பிடிப்புக்கும் வாசலைத் தாண்டாது. படமெடுக்க விரும்புகிறவர் இங்கே வந்து, அது வாசிக்கும்போது எடுக்கட்டும்.

நூறு ரூபாவும் எங்களுக்குக் காசுதான். 5 ஆயிரம் ரூபா தருபவர் ஒரு நாக்கைத் தத்தெடுத்ததாகப் பதிவேட்டில் எழுதுவோம். எந்தச் சுரம் என்று நீங்களே தெரிவு செய்யலாம். நடு ‘ச’வுக்கு ஏற்கெனவே மூன்று பேர் சண்டை. பற்றுச்சீட்டு இல்லாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு மாத முடிவிலும் வரவு செலவு வாசிகசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டப்படும். வெளிநாட்டிலுள்ளவர்கள் தங்கள் வீட்டார் மூலம் அனுப்பலாம், சீட்டு அவர்கள் பெயரிலேயே தருவோம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நான்கு முதல் ஆறு வரை பெட்டி திறந்திருக்கும். ரோர்ச் லைற்றோடு வந்து உள்ளே எட்டிப் பார்த்துவிட்டும் கொடுக்கலாம்.

இன்னொன்று. இந்த ஓர்கனுக்கு ஒரு சுழல் முக்காலி இருந்தது: வட்டப் பலகை, நடுவில் இரும்புத் திருகாணி, ஒரு காலில் எலி கடித்த தழும்பு. நாடகக் காலத்துக்குப் பிறகு அதைக் காணவில்லை. யார் வீட்டுப் பூச்சாடியாவது அதன்மேல் நின்றால், இரவில் கொண்டுவந்து வாசிகசாலைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போங்கள். ஒரு கேள்வியும் கேட்கமாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர், ஓர்கன் சீரமைப்புக் குழுவுக்காக,
திருகோணமலை